ஏன் எப்போதும் அம்மாதான்? கருத்தடைச் சத்திரசிகிச்சையின் நூறு வருடக் கதை

எங்கள் வீடுகளில் அதிகம் கதைக்காத ஒரு விசயத்தைப் பற்றி இன்றைக்கு எழுதுகிறேன். "இரண்டு பிள்ளைகள் போதும்" என்று ஒரு கணவனும் மனைவியும் தீர்மானித்துவிட்டார்கள். இனி என்ன செய்வது? அவள் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் குளிசை போடுவதா, லூப் வைப்பதா, கருக்குழாயைக் கட்டுவதா? அல்லது அவன் ஒரு நாள் ஊரோலொகெயிடம் போய் அரை மணி நேரத்தில் விந்துக்குழாயை வெட்டிவிட்டு வருவதா?

எங்கள் அம்மாமார் காலத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படவே இல்லை. கடைசிப் பிள்ளை பிறந்த கையோடு "எல்லாம் முடிச்சாச்சு" என்று ஒரு வரி. முடித்துக்கொண்டது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது அம்மாதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் வேலையில் நாள் முழுக்க மென்பொருள் அமைப்புகளோடு மல்லுக்கட்டுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஒரு விசயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்தால், அதை யாரோ எப்போதோ டிஃபோல்டாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு வந்தவர்கள் அதை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். "கருத்தடை என்றால் பெண்" என்பதும் அப்படி ஒரு டிஃபோல்ட்தான். அதை யார் வைத்தார்கள் என்று தேடினால் வியன்னா, பேர்லின், சென்னை, டெல்லி, கிளிநொச்சி என்று ஒரு நீண்ட பாதை வருகிறது. நாங்கள் வளர்ந்த நாடு, பெற்றோர் பிறந்த நாடு, பக்கத்து நாடு, மூன்றும் அதில் இருக்கின்றன.

முதலில் உடலில் என்ன நடக்கிறது

பாடசாலையில் படித்தது மறந்திருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வாசெக்டமி என்பது ஆணின் இரண்டு விந்துக்குழாய்களையும் வெட்டி மூடுவது. விதைப்பையின் தோலுக்குச் சற்று உள்ளேதான் அந்தக் குழாய்கள் ஓடுகின்றன. அதனால் அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்து, இருபது முப்பது நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆண் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். விதைகள் தொடர்ந்து வேலை செய்யும். ஹோர்மோன் குழாய் வழியாகப் போவதில்லை, இரத்தத்தில் போகிறது. ஆகவே ஆசை, பலம், குரல், தாடி எதுவும் மாறாது. வெளியேறும் திரவம்கூடக் கிட்டத்தட்ட அதே அளவுதான், அதில் விந்தணு மட்டும் இருக்காது.

பெண்ணின் கருக்குழாய்கள் வயிற்றுக்குள் ஆழமாக இருக்கின்றன. அவற்றைக் கட்டவோ மூடவோ வயிற்றுக்குள் போக வேண்டும். ஜேர்மனியில் இதை வழக்கமாக முழு மயக்கத்தில், சின்னத் துளைகள் வழியாகக் கமரா விட்டுச் செய்கிறார்கள். ஆபத்து குறைவுதான். ஆனாலும் ஆணுக்குச் செய்வதை விட அது பெரிய சத்திரசிகிச்சை.

மருத்துவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இருவரில் ஒருவர் நிரந்தரக் கருத்தடை செய்ய வேண்டும் என்றால் அது ஆணாக இருப்பதுதான் இலகு. உலகம் நேர் எதிராக நடக்கிறது. இதன் காரணத்தை உடலில் தேடிக் கிடைக்காது, வரலாற்றில்தான் தேட வேண்டும்.

வியன்னாவில் இளமை விற்ற சத்திரசிகிச்சை

வாசெக்டமி பரவத் தொடங்கிய காலத்தில் குடும்பத் திட்டமிடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புரோஸ்டேட் வீக்கத்துக்கு மருந்தாக அதைச் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஹரி ஷார்ப் என்ற சிறைச்சாலை வைத்தியர் 1899இலிருந்து கைதிகளுக்கு அதைச் செய்தார். "தகுதியற்றவர்கள்" பிள்ளை பெறக்கூடாது என்பது அவருடைய எண்ணம். 1907இல் அதே மாநிலம் கட்டாயக் கருத்தடைக்கு ஒரு சட்டமே கொண்டு வந்தது. உலகில் அந்த வகைச் சட்டம் அதுதான் முதலாவது.

1920களில் வியன்னாவில் கதை வேறு பக்கம் திரும்பியது. ஒய்கன் ஸ்டைனாக் என்ற உடலியல் ஆய்வாளர், ஒரு பக்க விந்துக்குழாயைக் கட்டினால் விதை அதிக ஹோர்மோன் சுரக்கும், கிழவன் குமரனாவான் என்று நம்பினார். பணக்கார ஆண்கள் வரிசையில் நின்றார்கள். சிக்மண்ட் ஃபுரொய்ட் 1923இல் செய்துகொண்டார். அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1934இல் செய்துகொண்டார். இளமை திரும்பும் என்ற நம்பிக்கை பிறகு பொய்த்துப் போனது.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு எங்கள் மாமாமாரிடம் வாசெக்டமி என்று சொன்னால் "ஆம்பிளைத்தனம் போயிடும், பாரம் தூக்க ஏலாது" என்பார்கள். நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் ஆண்மை கூடும் என்று நம்பிக் கிட்டத்தட்ட அதே வெட்டுக்குப் பணம் கட்டினார்கள். உடல் இரண்டு கதையையும் ஆதரிக்கவில்லை. இரண்டும் ஆண்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கதைகள்.

1933: நீதிமன்றம் தீர்ப்பெழுதிய உடல்கள்

ஜேர்மனியில் வளர்ந்த உங்களுக்கு நாசிக் காலத்தைப் பற்றிப் பாடசாலையில் நிறையச் சொல்லியிருப்பார்கள். இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் வேகமாகப் புரட்டிவிடுவார்கள்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1933 ஜூலை 14ஆம் திகதி "மரபு நோயுள்ள சந்ததியைத் தடுக்கும் சட்டம்" நிறைவேறியது. 1934 ஜனவரி 1ஆம் திகதி அமுலுக்கு வந்தது. பிறவி அறிவுக் குறைபாடு, மனச்சிதைவு, வலிப்பு, பரம்பரைக் குருடு, பரம்பரைச் செவிடு, கடும் குடிப்பழக்கம் என்று அதில் ஒரு பட்டியல். தீர்மானிப்பதற்கு "மரபு நல நீதிமன்றங்கள்" அமைத்தார்கள். ஒரு நீதிபதியும் இரண்டு வைத்தியர்களும் மூடிய அறையில் உட்கார்ந்து தீர்ப்பெழுதினார்கள். ஒருவர் வர மறுத்தால் பொலிஸ் இழுத்துவரலாம் என்று சட்டத்திலேயே இருந்தது.

ஏறத்தாழ 4,00,000 பேருக்கு இப்படிக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். ஆண்களும் பெண்களும் கிட்டத்தட்டச் சம அளவு. ஆனால் சத்திரசிகிச்சையில் இறந்த ஆயிரக்கணக்கானவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மேலே சொன்ன உடலமைப்பு வித்தியாசம் அங்கே உயிர்க்கணக்காக மாறியது. 1937இல் ரைன்லாந்தில் குறைந்தது 385 கறுப்பினப் பிள்ளைகளுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார்கள். தந்தையர் பிரெஞ்சுப் படையில் வந்த ஆபிரிக்கர்கள், தாய்மார் ஜேர்மனியர்கள். அதற்கு அந்தச் சட்டம்கூட இடம் தரவில்லை. சட்டத்துக்கு வெளியிலேயே செய்து முடித்தார்கள்.

அதே அரசு, "நல்ல இரத்தம்" என்று தான் கருதிய பெண்கள் எத்தனை பிள்ளையும் பெற வேண்டும் என்றது. 1941 ஜனவரியில் ஹிம்லர் ஒரு பொலிஸ் கட்டளை போட்டு, ஆணுறையைத் தவிர மற்றக் கருத்தடைச் சாதனங்களைத் தடை செய்தார். பெற விரும்பியவர்களைப் பெற விடவில்லை, நிறுத்த விரும்பியவர்களை நிறுத்த விடவில்லை. இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே எண்ணம்: உன் உடல் உன்னுடையது கிடையாது.

போர் முடிந்த பிறகும் அந்த 4,00,000 பேருக்கு நியாயம் கிடைக்கவில்லை. வழக்கமான நட்டஈட்டுச் சட்டம் அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகவே கணக்கெடுக்கவில்லை. 1980இல் ஒரு தடவை 5,000 மார்க் கொடுத்தார்கள். அந்த நீதிமன்றங்களின் தீர்ப்புகளை 1998இல்தான் சட்டம் போட்டு இரத்துச் செய்தார்கள். அவர்களை நாசிகளால் துன்புறுத்தப்பட்டவர்கள் என்று பாராளுமன்றம் முழுமையாக அங்கீகரித்தது 2025 ஜனவரியில். அதற்குள் அநேகமாக எல்லோரும் இறந்துவிட்டார்கள்.

வளையமும் குளிசையும்

பேர்லினில் ஏர்ன்ஸ்ட் கிரேஃபென்பெர்க் என்ற பெண்நோய் வைத்தியர் இருந்தார். 1920களில் அவர் பட்டு நூலிலும் பிறகு வெள்ளிக் கம்பியிலும் ஒரு சின்ன வளையம் செய்து கருப்பைக்குள் வைத்துக் கருத்தரிப்பைத் தடுத்துப் பார்த்தார். இன்றைக்கு ஜேர்மனியில் "ஸ்பிராலே" என்றும் ஊரில் "லூப்" என்றும் சொல்கிறோமே, அதன் முன்னோடிகளில் ஒன்று அந்த வளையம். கிரேஃபென்பெர்க் யூதர். நாசிகள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள், 1937இல் சிறையில் போட்டார்கள். அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தின் மார்கரெட் சேங்கர் உதவியால் வெளியே வந்து, 1940இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வளையம் அவரோடு சேர்ந்து ஜேர்மனியிலிருந்து மறைந்தது. 1960களில்தான் இந்தச் சாதனம் புதிய வடிவங்களில் உலகம் முழுக்கத் திரும்பி வந்தது.

1961 ஜூன் 1ஆம் திகதி ஷேரிங் நிறுவனம் "அனோவ்லார்" என்ற குளிசையை மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு விட்டது. ஐரோப்பாவின் ஆரம்பக் கருத்தடைக் குளிசைகளில் ஒன்று அது. மாதவிடாய்க் கோளாறுக்கு மருந்து என்று பெயர் சொல்லித்தான் விற்றார்கள். வைத்தியர்கள் பெரும்பாலும் கலியாணமான பெண்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். கிழக்கு ஜேர்மனியில் 1965இல் "ஓவோசிஸ்டன்" வந்தது. 1972இலிருந்து அங்கே குளிசை இலவசம்.

குளிசை பெண்களுக்குப் பெரிய விடுதலை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது வந்த பிறகு ஒரு பழக்கமும் சேர்ந்து வந்தது. கருத்தடை என்பது தினமும் இரவு பெண் நினைவில் வைத்திருக்க வேண்டிய வேலையாக மாறியது. பக்கவிளைவும் அவளுக்கு, மறந்தால் பழியும் அவளுக்கு.

குரோஸ்பூர்க்வேடல் வைத்தியரும் உயர் நீதிமன்றமும்

நிரந்தரக் கருத்தடை ஜேர்மனியில் போருக்குப் பிறகும் நீண்ட காலம் இருட்டில்தான் இருந்தது. கட்டாயக் கருத்தடையின் ஞாபகம் ஒரு பக்கம், தேவாலயங்களின் எதிர்ப்பு இன்னொரு பக்கம். தானாக விரும்பிச் செய்துகொள்வது சட்டப்படி சரியா, குற்றமா என்று வைத்தியர்களுக்கே தெரியாது.

ஹனோவருக்குப் பக்கத்தில் குரோஸ்பூர்க்வேடல் என்ற ஊர். அங்கே அக்செல் டோர்ன் என்ற வைத்தியர் போருக்குப் பிந்திய வருடங்களில் ஏறத்தாழ 1,300 பெண்களுக்கு அவர்களுடைய சம்மதத்தோடு கருக்குழாயைக் கட்டினார். அவர் மேல் வழக்குப் போட்டார்கள், கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1964 ஒக்டோபர் 27ஆம் திகதி கூட்டாட்சி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. காரணம் எளியது: நாசிச் சட்டங்கள் நீக்கப்பட்ட பிறகு, சம்மதத்தோடு செய்த கருத்தடையைத் தண்டிப்பதற்குச் சட்டப் புத்தகத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

தண்டிக்கச் சட்டம் இல்லை என்பது ஒன்று, அது ஒழுங்கான செயல் என்பது வேறொன்று. அந்த இரண்டாவது படி 1976 ஜூனில் வந்தது. சம்மதத்தோடு செய்யும் கருத்தடை நல்லொழுக்கத்துக்கு விரோதமானதல்ல என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆக ஜேர்மனியில் ஒரு மனிதர் வைத்தியரிடம் போய் "எனக்குப் போதும்" என்று சொல்லும் உரிமை தெளிவாகி ஐம்பது வருடம்தான் ஆகிறது.

1992இலிருந்து இன்னொரு எல்லையும் உண்டு. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு யாருடைய சம்மதத்தோடும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்ய முடியாது. பெற்றோரும் சம்மதம் கொடுக்க முடியாது. இந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பது 1933ஐத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

சென்னை: முப்பது ரூபாயில் தொடங்கியது

இப்போது தமிழ்ப் பக்கம் வருவோம்.

தமிழில் கருத்தடை பற்றிய பேச்சு நாங்கள் நினைப்பதை விடப் பழையது. 1920களின் இறுதியிலேயே சென்னையில் அதற்கென்று சங்கம் இருந்தது, படித்த மேல்தட்டு ஆண்கள் நடத்தியது. நாட்டின் வறுமை, தாயின் சுகம் என்று அவர்கள் பேசினார்கள். பெரியார் அதே காலத்தில் வேறு காரணம் சொன்னார். பிள்ளைப்பேறு பெண்ணை ஆணிடம் கட்டிப்போடுகிறது, அவள் சுதந்திரமாக வாழக் கருத்தடை வேண்டும் என்றார். அவருடைய "பெண் ஏன் அடிமையானாள்?" புத்தகத்தில் கர்ப்பத்தடைக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஒரு பக்கம் மக்கள் தொகையை எண்ணினார்கள், இன்னொரு பக்கம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பார்த்தார்கள். பிறகு அரசாங்கம் கையில் எடுத்தது எண்ணிக்கையைத்தான்.

1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக அறிவித்தது. உலகில் முதலில் அப்படிச் செய்த நாடு அது. 1951 குடிசன மதிப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசுவாமி பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். சத்திரசிகிச்சைதான் வழி என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1956இல் சென்னை மாநிலம், சத்திரசிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. பிறகு ஆள் பிடித்து வருகிறவருக்கும் காசு கொடுத்தார்கள். இந்த முறையை மற்ற மாநிலங்கள் பார்த்துப் பழகின.

அந்தக் காலத்தில் கத்திக்குக் கீழே போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதைப் பலர் நம்ப மாட்டார்கள். பம்பாய் ரயில் நிலையங்களில் வாசெக்டமி நிலையங்கள் இருந்தன. 1971 ஜூலையில் கேரளாவின் எர்ணாகுளத்தில் ஒரு மாத முகாம் நடந்தது. திருவிழா மாதிரி ஊரைக் கூட்டி, பணமும் பொருட்களும் கொடுத்து 63,418 பேருக்குச் செய்தார்கள். அதில் பெண்கள் 505 பேர் மட்டும்தான். மற்ற எல்லோரும் ஆண்கள்.

ஆகவே "எங்கள் ஆண்கள் ஒருநாளும் செய்ய மாட்டார்கள், அது எங்கள் கலாசாரம்" என்று யாராவது சொன்னால் இந்த எண்களை ஞாபகப்படுத்துங்கள். எங்கள் தாத்தாமாரின் காலத்தில் இலட்சக்கணக்கான தென்னிந்திய ஆண்கள் செய்திருக்கிறார்கள்.

82.6 இலட்சம்

பிறகு ஏன் நின்றது?

1975 ஜூன் 25ஆம் திகதி இந்திரா காந்தி அவசரநிலையை அறிவித்தார். அவருடைய மகன் சஞ்சய் காந்தி எந்த அரசுப் பதவியும் இல்லாமலேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டார். ஆசிரியர், கிராம அலுவலர், பொலிஸ் என்று எல்லோருக்கும் இலக்கு. இலக்கை எட்டாவிட்டால் சம்பளம் நிறுத்தம். சத்திரசிகிச்சைச் சான்றிதழ் இல்லாவிட்டால் வீட்டு ஒதுக்கீடு இல்லை, கடன் இல்லை. 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் என்ற முஸ்லிம் கிராமத்தைப் பொலிஸ் சுற்றி வளைத்து, ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பலருக்குக் கருத்தடை செய்தது.

1976–77 ஒரே ஆண்டில் 82.6 இலட்சம் கருத்தடைச் சத்திரசிகிச்சைகள். அவற்றில் ஏறத்தாழ 62 இலட்சம் வாசெக்டமி. பிறகு விசாரித்த ஷா ஆணைக்குழுவிடம் 1,774 மரணங்கள் பதிவாகின. பிடிபட்டவர்களில் கலியாணமாகாதவர்கள் இருந்தார்கள், வயதானவர்கள் இருந்தார்கள், பெரும்பாலோர் ஏழைகள்.

1977 மார்ச்சில் தேர்தல். வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. அரசியல்வாதிகள் அதிலிருந்து ஒரு பாடம் படித்தார்கள். "மக்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது" என்று படித்திருந்தால் நல்லது. அவர்கள் படித்தது "ஆண்களைத் தொடாதே" என்பது. அடுத்த ஆண்டு மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 9.5 இலட்சமாக விழுந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு பெண்கள். இலக்கு முறை ஒழியவில்லை, இலக்கு மட்டும் பெண்கள் பக்கம் திரும்பியது. பிரசவத்துக்கு வந்த பெண் எப்படியும் ஆசுபத்திரிக் கட்டிலில்தான் இருக்கிறாள், அவள் எதிர்த்துக் கிளம்ப மாட்டாள், அவளுக்காக அரசாங்கமும் கவிழாது. நான் தேடிய டிஃபோல்ட் இங்கேதான் இறுகியது.

விளைவை இன்றைய கணக்கில் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கலியாணமான பெண்களில் 37.9 வீதம் பேர் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 வீதம். தமிழ்நாட்டில் பெண்கள் ஏறத்தாழ 58 வீதம், ஆண்கள் 0.1 வீதம். ஆயிரம் தம்பதிகளில் ஒரு ஆண்.

இந்தச் சாய்வுக்கு விலையும் இருந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் ஒரே வைத்தியர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அந்த நாட்களில் அங்கு நடந்த முகாம்களுக்குப் போன 13 பெண்கள் இறந்தார்கள். 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் இப்படியான முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது.

எங்கள் தீவில்

இலங்கையிலும் காசு பேசியது. 1980இல் அரசாங்கம் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு 100 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, அதே ஆண்டுக்குள் 500 ஆக உயர்த்தியது. அன்றைக்கு ஒரு தோட்டத் தொழிலாளிக்கு 500 ரூபாய் சின்னத் தொகை இல்லை. பசியில் இருப்பவருக்கு முன்னால் காசை வைத்துவிட்டு "உன் விருப்பம்" என்று சொன்னால் அதை எவ்வளவு தூரம் விருப்பம் என்று எடுக்கலாம்? மலையகத் தோட்டங்களில் நிரந்தரக் கருத்தடை செய்த பெண்களின் பங்கு நாட்டின் சராசரியை விட நீண்ட காலம் மிக அதிகமாக இருந்ததை இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

போருக்குப் பிறகும் முடியவில்லை. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் கிளினிக்குக்கு அழைக்கப்பட்ட தாய்மாரின் கையில், சரியான விளக்கமோ உண்மையான சம்மதமோ இல்லாமல் கருத்தடை இம்பிளாண்ட் வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. போரில் எல்லாம் இழந்த பெண்கள் அவர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொல்லும்போது "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்?

இதே அச்சம் பொய்யாகவும் பயன்படும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவரைக் கைது செய்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் எதையும் காணவில்லை. பிறகு அவர் வேலைக்குத் திரும்பினார். கருத்தடை வரலாற்றில் உண்மையான கொடுமை இவ்வளவு இருப்பதால்தான் பொய்யும் இலகுவாக எடுபடுகிறது. யாராவது வட்ஸ்அப்பில் இப்படி ஒன்றை அனுப்பினால், அனுப்பியவர் யாருக்கு எதிராக அனுப்புகிறார் என்று முதலில் பாருங்கள்.

இன்று, ஜேர்மனியில், உங்கள் மேசையில்

இனி நடைமுறை. இவ்வளவு வரலாற்றையும் கடந்து இங்கே வந்து நிற்கிற ஒரு தம்பதியின் முன்னால் என்னென்ன இருக்கின்றன?

நிறுத்திவிட்டுப் பிறகு பிள்ளை பெறக்கூடியவை முதலில். ஹோர்மோன் ஸ்பிராலே வகையைப் பொறுத்து மூன்றிலிருந்து எட்டு வருடம் வேலை செய்யும். பலருக்கு மாதவிடாய் குறையும், சிலருக்குத் தலைவலியோ மனச்சோர்வோ வரலாம். செப்பு ஸ்பிராலே ஹோர்மோன் இல்லாதது, நீண்ட காலம் இருக்கும், மாதவிடாய் கூடலாம், வலியும் கூடலாம். கையில் வைக்கும் இம்பிளாண்ட் மூன்று வருடம். இவை எல்லாம் பெண்ணின் உடலில். ஆணின் பக்கத்தில் ஆணுறை மட்டும்தான். பாலியல் நோய்களிலிருந்தும் காப்பது அது ஒன்றே.

நிரந்தரமானவை இரண்டு: கருக்குழாயை மூடுவது, வாசெக்டமி. வாசெக்டமியில் மூன்று விசயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அது அன்றைக்கே வேலை செய்யாது. குழாயில் மிஞ்சிய விந்தணு வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் எடுக்கும், விந்துப் பரிசோதனை சரியென்று வரும்வரை வேறு கருத்தடை வேண்டும். இரண்டு, திரும்ப ஒட்டும் சத்திரசிகிச்சை இருக்கிறது, ஆனால் செலவு கூட, வருடம் போகப் போக வெற்றி வாய்ப்பும் குறையும். ஆகவே "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். மூன்று, சிலருக்கு வீக்கமோ கிருமித்தொற்றோ வரும், சிறு தொகையினருக்கு வலி நீண்ட காலம் நிற்கும். வைத்தியரிடம் அதையும் கேளுங்கள்.

செலவைப் பற்றி: 2004இலிருந்து, மருத்துவக் காரணம் இல்லாத கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குக் கிராங்கென்காசெ காசு கொடுப்பதில்லை. வாசெக்டமி சில நூறு யூரோ. பெண்ணுக்குச் செய்வது பொதுவாக அதை விடக் கூட. வைத்தியர் எழுதிக் கொடுக்கும் குளிசை, ஸ்பிராலே போன்றவற்றை 22 வயது வரை சட்டப்படியான காப்புறுதி ஏற்கும், அதற்குப் பிறகு சொந்தக் காசு. துணையின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. சில வைத்தியர்கள் இருவரையும் சேர்த்துக் கதைக்க விரும்புவார்கள், அது நல்லதுதான். ஆனால் உடல் யாருடையதோ, சம்மதமும் அவருடையது.

பழக்கங்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. கூட்டாட்சிச் சுகாதாரக் கல்வி மையத்தின் 2023 ஆய்வில், கருத்தடை செய்யும் பெரியவர்களில் 53 வீதம் பேர் ஆணுறையையும் 38 வீதம் பேர் குளிசையையும் சொன்னார்கள். 2007இல் குளிசை 55, ஆணுறை 36. ஒரு தலைமுறைக்குள் தராசு திரும்பிவிட்டது. இளம் பெண்கள் ஹோர்மோன் பக்கவிளைவைப் பற்றி வெளிப்படையாகக் கதைக்கத் தொடங்கியது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

கடைசியாக

"எல்லா ஆண்களும் வாசெக்டமி செய்யுங்கள்" என்று இந்தப் பதிவு சொல்லவில்லை. அப்படிச் சொன்ன அரசாங்கங்கள் என்ன செய்தன என்று மேலே பார்த்தோம். சில பெண்கள் ஸ்பிராலேயில் சந்தோசமாக இருக்கிறார்கள். சில பெண்கள் துணை மாறினாலும் தன் தீர்மானம் தன் உடலில் இருக்க வேண்டும் என்று கருக்குழாயை மூடுகிறார்கள். சில ஆண்கள் நாற்பது வயதில் இன்னொரு பிள்ளை வேண்டுமோ என்று உண்மையாகவே தயங்குகிறார்கள். எல்லாமே மதிக்க வேண்டிய காரணங்கள்.

மதிக்க முடியாதது, கதைக்காமல் விட்டுவிடுவது. கதைக்காத வீட்டில் டிஃபோல்ட்தான் ஓடும், அந்த டிஃபோல்ட் 1977இல் அரசியல்வாதிகளின் பயத்தில் வந்தது. உங்களுக்கு அந்த நாள் வரும்போது மூன்று கேள்வியை மேசையில் வையுங்கள். எங்களுக்கு இனிப் பிள்ளை வேண்டாம் என்பது இருவருக்கும் நிச்சயமா? இதுவரை யாருடைய உடல் எவ்வளவு சுமந்தது? பயம் என்றால் எதைப் பற்றிய பயம், அதை வைத்தியரிடம் கேட்டாயிற்றா?

இரண்டாவது கேள்விக்கு விடை தேடும்போது கர்ப்பம், பிரசவம், தையல், பால் கொடுத்த இரவுகள், விழுங்கிய குளிசைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். எடுத்த பிறகு, அரை மணி நேரத்துக்கு ஊரோலொகெயிடம் போவது பெரிய வேலையாகத் தெரிகிறதா என்று ஆண்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளலாம். விடை "ஆம்" என்றாலும் பரவாயில்லை. அதைக் கேட்டுவிட்டுச் சொன்ன விடையாக இருந்தால் சரி.